இரண்டாம் இடம் யாருக்கு? லெமியூ, கிராஸ்பி, மெக்டேவிட் – ஓர் ஒப்பீடு

ஐஸ் ஹாக்கியின் மிகச் சிறந்த சென்டர்களை (முன்வரிசை மூவரில் நடுவில் ஆடுபவர்களை) வரிசைப்படுத்தும்போது முதலிடத்துக்காக அதிக நேரம் செலவழிக்க வேண்டியதில்லை. கிரிக்கெட்டில் பிராட்மனின் சராசரியை வைத்து யாரும் புதிதாக வழக்காடுவதில்லை அல்லவா, வேய்ன் கிரெட்ஸ்கி விஷயமும் அப்படித்தான். ஹாக்கியில் ஒரு கோலுக்கு ஒரு புள்ளி. அந்தக் கோலுக்கு வழிசெய்து, மட்டையால் அடிக்கும் ரப்பர் வட்டான பக்கைக் கொடுத்தவருக்கும் (ஒரு கோலுக்கு அதிகபட்சம் இரண்டு பேருக்கு) அசிஸ்ட் என்று தலா ஒரு புள்ளி. கிரெட்ஸ்கியின் அசிஸ்ட் மட்டும் 1,963. வட அமெரிக்க லீக்கான என்எச்எல்லின் புள்ளிப் பட்டியலில் அவருக்கு அடுத்து நிற்கும் யாரோமிர் யாகரின் கோல், அசிஸ்ட் எல்லாம் சேர்ந்த மொத்தமே 1,921 தான். கிரெட்ஸ்கி போட்ட 894 கோலையும் அழித்துவிட்டுக் கணக்குப் பார்த்தாலும் அவரே முதலில் வருகிறார். கோல் சாதனையை 2025 ஏப்ரலில் அலெக்ஸ் ஒவெச்கின் முறியடித்தார். வரிசையில் அதனால் எந்த மாற்றமும் இல்லை.

இதற்கு எதிராக வலுவாகச் சொல்லப்படும் வாதம் ஒன்றுதான்: மாரியோ லெமியூவுக்கு உடம்பு ஒத்துழைத்திருந்தால் கதை வேறாகியிருக்கும் என்பது. லெமியூ 915 ஆட்டத்தில் 1,723 புள்ளி, ஆட்டத்துக்கு 1.88. கிரெட்ஸ்கி 1,487 ஆட்டத்தில் 2,857, ஆட்டத்துக்கு 1.92. கிட்டத்தட்டச் சமம்போலத் தெரியும். ஆனால் இந்த இரண்டு சராசரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதே தவறு. கிரெட்ஸ்கியின் சராசரிக்குள் முப்பத்தெட்டு வயது வரை ஆடிய தளர்ந்த ஆண்டுகளும் இருக்கின்றன. ஆட்ட எண்ணிக்கையைச் சமமாக்கிப் பார்த்தால் படம் மாறிவிடும். 1990-91 சீசன் முடிந்தபோது கிரெட்ஸ்கி ஆடியிருந்தது 925 ஆட்டம். சேர்த்திருந்த புள்ளி 2,142. லெமியூவின் முழு வாழ்நாள் கணக்கைவிட ஏறத்தாழ 420 புள்ளி அதிகம், அதுவும் பத்தே ஆட்டம் கூடுதலாக ஆடி.

ஆகவே உண்மையான போட்டி இரண்டாம் இடத்துக்குத்தான். அங்கேதான் முடிவெடுப்பது கடினம்.

வழக்கமாக முன்வைக்கப்படும் பெயர்களில் சிலவற்றை இங்கேயே ஒதுக்கிவிடலாம். மார்க் மெசியே லீக்கின் சாம்பியன் அணிக்கான ஸ்டான்லி கோப்பையை ஆறு முறை வென்றவர், 1,887 புள்ளி சேர்த்தவர். ஆனால் லீக்கின் புள்ளிப் பட்டியலில் ஒரு ஆண்டுகூட முதலிடம் பிடித்ததில்லை. ஜான் பெலிவோ ஆட்டக்காரராகப் பத்துக் கோப்பை வென்றார். அவர் ஆடியதில் பெரும்பகுதி ஆறே அணிகள் இருந்த லீக்கில். அவருடைய அணியான அன்றைய மான்ட்ரியலின் பலத்திலிருந்து அவரது பங்கை மட்டும் பிரித்தெடுக்க நம்மிடம் நல்ல கருவி இல்லை. ஸ்டீவ் ஐசர்மன் 1988-89இல் 155 புள்ளி எடுத்தும் அந்த ஆண்டில் மூன்றாம் இடம்தான். மிச்சம் மூவர்: மாரியோ லெமியூ, சிட்னி கிராஸ்பி, கானர் மெக்டேவிட். கிராஸ்பி, மெக்டேவிட் இருவரும் இன்னும் களத்தில் இருப்பதால் அவர்களுடைய கணக்கை 2024-25 சீசனின் முடிவோடு நிறுத்திக்கொள்கிறோம்.

எண்களைக் காலத்துக்கு ஏற்பச் சரிசெய்வது

1980களின் புள்ளியையும் 2010களின் புள்ளியையும் அப்படியே ஒப்பிடக் கூடாது. 1981-82இல் ஓர் அணி ஆட்டத்துக்குச் சராசரியாக 4 கோல் அடித்தது. 2003-04இல் அது 2.57 ஆகச் சுருங்கிவிட்டது. எண்பதுகளின் தொடக்கத்தில் கோலிகள் (கோல் காப்பாளர்கள்) நூறு ஷாட்டுக்கு 87, 88 என்ற அளவில் தடுத்தார்கள். 2010களில் 91க்கு மேல். முழங்காலை மடக்கிப் பனியோடு கால் கவசத்தைப் படுக்கவைத்துக் கீழ்ப்பகுதியை அடைக்கும் பட்டர்ஃபிளை முறை பரவியது, கவசங்கள் பெரிதாயின, கோலிகளுக்கென்றே தனிப் பயிற்சியாளர்கள் வந்தார்கள். தடுப்பாட்டமும் ஒழுங்குபட்டது, ஷாட்டுக்கு முன்னால் உடம்பைக் குறுக்கே போடுவது எல்லோருடைய வேலையும் ஆனது.

சரிசெய்யும் வழி எளிது. ஆட்டக்காரரின் புள்ளியை ஆட்ட எண்ணிக்கையால் வகுங்கள். அதை 3.00ஆல் பெருக்கி, அந்த சீசனில் ஓர் அணி ஆட்டத்துக்கு எடுத்த சராசரிக் கோலால் வகுங்கள். எல்லா சீசனும் 3 கோல் சராசரி கொண்டது என்று வைத்துக்கொண்டால் அவர் எவ்வளவு எடுத்திருப்பார் என்பது கிடைக்கும். உச்ச ஆண்டுகளுக்கு இப்படிப் போட்டுப் பார்த்தால்:

| ஆட்டக்காரர், சீசன் | ஆட்டம் | புள்ளி | லீக் சராசரி | சரிசெய்த விகிதம் |
|---|---|---|---|---|
| கிரெட்ஸ்கி 1983-84 | 74 | 205 | 3.94 | 2.11 |
| லெமியூ 1988-89 | 76 | 199 | 3.74 | 2.10 |
| லெமியூ 1992-93 | 60 | 160 | 3.63 | 2.20 |
| லெமியூ 1995-96 | 70 | 161 | 3.14 | 2.20 |
| கிராஸ்பி 2010-11 | 41 | 66 | 2.79 | 1.73 |
| கிராஸ்பி 2013-14 | 80 | 104 | 2.74 | 1.42 |
| மெக்டேவிட் 2020-21 | 56 | 105 | 2.94 | 1.91 |
| மெக்டேவிட் 2022-23 | 82 | 153 | 3.18 | 1.76 |

கிரெட்ஸ்கியின் சிறந்த ஆண்டையே லெமியூ விகிதத்தில் தாண்டுகிறார். லெமியூ ரசிகர்கள் இந்த அட்டவணையோடு எழுந்து போய்விடுவார்கள். போகக் கூடாது, ஒவ்வொரு வரியிலும் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது.

1995-96ஐ எடுத்துக்கொள்வோம். முந்தைய சீசன் முழுவதும் ஓய்வில் இருந்துவிட்டுத் திரும்பிய லெமியூ, முதுகைக் காப்பாற்றிக்கொள்வதற்காக அடுத்தடுத்த நாளில் வரும் ஆட்டங்களில் சிலவற்றைத் தவிர்த்தார். களைத்த உடம்போடு ஆடவேண்டிய இரவுகள் அவருடைய கணக்கில் குறைவு. அந்த ஆண்டு அவர் அடித்த 69 கோலில் 31 பவர்பிளேயில் வந்தவை. எதிரணியில் ஒருவர் தண்டனைப் பெட்டியில் உட்கார்ந்திருக்கும்போது ஐந்துக்கு நான்கு என ஆடுவதே பவர்பிளே. இரு பக்கமும் சமமாக நிற்கும் நேரத்தில் அவர் அந்த அளவுக்கு ஆதிக்கம் செலுத்தவில்லை என்பது பிளஸ்-மைனஸிலும் (பவர்பிளே கோல்களை விட்டுவிட்டு, அவர் களத்தில் நின்றபோது அணி அடித்த கோலிலிருந்து வாங்கியதைக் கழித்த எண்) தெரிகிறது: 161 புள்ளி எடுத்தவருக்கு வெறும் +10. அவர் களத்தில் நின்றபோது அணி நிறைய அடித்தது. நிறைய வாங்கியும் கொண்டது.

1992-93 வேறு ரகம். 60 ஆட்டத்தில் +55. ஜனவரியில் அவருக்கு ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்னும் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. கதிரியக்கச் சிகிச்சைக்காக இரண்டு மாதம் போல விலகியிருந்தார். மார்ச் 2 அன்று காலையில் கடைசிச் சிகிச்சை, மாலையில் பிலடெல்ஃபியாவில் ஆட்டம். ஒரு கோல், ஒரு அசிஸ்ட். எதிரணி ஊரின் கூட்டம், அதுவும் வந்தவரை வறுத்தெடுப்பதில் பெயர்போன பிலடெல்ஃபியா கூட்டம், எழுந்து நின்று கைதட்டியது. திரும்பி வந்தபோது புள்ளிப் பட்டியலில் பஃபலோவின் பாட் லாஃபான்டேனுக்கு 12 புள்ளி பின்னால் இருந்தவர், சீசன் முடிவில் 160க்கு 148 என்று 12 புள்ளி முன்னால் நின்றார். லாஃபான்டேன் ஆடியது 84 ஆட்டம். அவருடைய அணியான பிட்ஸ்பர்க் பென்குவின்ஸ் தொடர்ந்து 17 ஆட்டம் வென்றதும் அதே வசந்தத்தில்தான். லெமியூவின் உச்சம் எது என்றால் 1992-93ஐத்தான் காட்ட வேண்டும். 199 புள்ளி எடுத்த 1988-89ஐப் பலரும் சொல்கிறார்கள். எண் பெரிது, ஆட்டம் 1993இல்தான் பெரிது.

மெக்டேவிட்டின் 2020-21 வரியிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. கோவிட் காரணமாக எல்லை மூடப்பட்டிருந்ததால் கனடிய அணிகள் தங்களுக்குள் மட்டுமே ஆடின. 56 ஆட்டமும் அதே ஆறு எதிரணிகளோடு. லீக்கின் வலுவான அமெரிக்க அணிகள் ஒன்றைக்கூட அவருடைய எட்மன்டன் அணி சந்திக்கவில்லை. அவரை மதிப்பிட 2022-23தான் பொருத்தமானது. அதிலும் 153 புள்ளியில் 71 பவர்பிளேயில் வந்தவை. அந்த ஆண்டு எட்மன்டனின் பவர்பிளே 32.4 சதவீதம் வெற்றி கண்டது, லீக் வரலாற்றிலேயே அதிகம். பவர்பிளேயைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. எதிரணி ஒருவரை இழந்து நிற்பதே பல நேரம் மெக்டேவிட்டின் வேகத்தைப் பிடித்து நிறுத்த முயன்றதால்தான். ஆனால் ஐந்துக்கு ஐந்தில் யார் என்ன செய்தார் என்பதைத் தனியாகப் பார்க்காமல் சென்டரை எடைபோட முடியாது.

கிராஸ்பியின் 2010-11 மிகவும் வேதனையான வரி. 41 ஆட்டத்தில் 66 புள்ளி. இடையில் தொடர்ந்து 25 ஆட்டத்தில் புள்ளி. 2011 புத்தாண்டு அன்று திறந்தவெளி ஆட்டத்தில் தலையில் ஓர் அடி, நான்கு நாள் கழித்து இன்னொன்று. மூளை அதிர்ச்சி. சீசன் பாதியில் முடிந்தது. ஆனாலும் ஆண்டின் இறுதியில் பென்குவின்ஸ் அணியில் அதிகப் புள்ளி அவருடையதாகவே இருந்தது. அடுத்த சீசனில் 22 ஆட்டம்தான் ஆட முடிந்தது. அதற்கடுத்த குறுகிய சீசனில் 36 ஆட்டத்தில் 56 புள்ளியோடு முன்னணியில் இருந்தபோது சக ஆட்டக்காரர் அடித்த ஷாட் தாடையில் பட்டு எலும்பு உடைந்தது. இருபத்து மூன்று முதல் இருபத்தைந்து வயது வரை, அதாவது ஒரு முன்வரிசை ஆட்டக்காரரின் உச்சகாலம் எங்கே விழவேண்டுமோ அங்கேயே அவருக்குப் பள்ளம் விழுந்தது. 'லெமியூ நலமாக இருந்திருந்தால்' என்று தொடங்குபவர்கள் இந்தப் பக்கமும் அதே சலுகையைத் தரவேண்டும்.

இரண்டாமவரோடு எவ்வளவு தூரம்?

சரிசெய்த விகிதத்தை மட்டும் நம்பாமல் வேறு ஓர் அளவுகோலையும் வைத்துக்கொள்வது நல்லது: அந்தந்த ஆண்டில் புள்ளிப் பட்டியலின் முதல்வருக்கும் இரண்டாமவருக்கும் இடைவெளி. காலம், விதி, கோலி எல்லாம் இருவருக்கும் பொது என்பதால் இதற்குத் திருத்தம் தேவையில்லை.

1985-86: கிரெட்ஸ்கி 215, அடுத்தவர் 141, அந்த அடுத்தவர் இருபது வயது லெமியூ. 1986-87: கிரெட்ஸ்கி 183, அடுத்தவர் யாரி குர்ரி 108. இந்த இரண்டாவது எடுத்துக்காட்டில் கவனம் வேண்டும். குர்ரி கிரெட்ஸ்கியின் வலப்பக்க விங்கர், அதாவது முன்வரிசையில் அவருக்குப் பக்கத்தில் ஆடியவர். அவருடைய 108இல் கிரெட்ஸ்கியின் கையும் இருக்கிறது. இரண்டாமவர் உங்கள் அணிக்காரரே என்றால் இடைவெளி உண்மையைவிடச் சிறிதாகத் தெரியும்.

லெமியூவின் 1988-89: 199க்கு 168. இடைவெளி சுமாராகத் தெரியக் காரணம் அந்த 168 கிரெட்ஸ்கியுடையது. மூன்றாமவரான ஐசர்மனின் 155ஓடு ஒப்பிட்டால் 28 சதவீதம் அதிகம். கிராஸ்பியின் 2013-14: 104க்கு ரயன் கெட்ஸ்லாஃபின் 87, ஏறத்தாழ 20 சதவீதம். மெக்டேவிட்டின் 2022-23: 153க்கு 128, அதுவும் 20 சதவீதம், இரண்டாமவர் அணித்தோழர் லியோன் டிரைசைடல். சரிசெய்த விகித அட்டவணையில் கிராஸ்பி மெக்டேவிட்டை விட மிகவும் பின்னால் தெரிந்தார். இங்கே இருவரும் ஒரே உயரத்தில் நிற்கிறார்கள். 2010களின் நடுவில் லீக் முழுவதும் வறண்டிருந்தது, உச்ச ஆட்டக்காரர்கள் ஒருவரோடொருவர் நெருங்கியிருந்தார்கள் என்பதே காரணம். கோல் சராசரியால் வகுப்பது இந்த நெருக்கத்தை முழுதாகச் சரிசெய்யாது.

முதலிடங்களின் எண்ணிக்கையில், புள்ளிப் பட்டியலின் முதல்வருக்கான ஆர்ட் ராஸ் கோப்பை லெமியூவுக்கு 6, மெக்டேவிட்டுக்கு 5, கிராஸ்பிக்கு 2. மதிப்புமிக்க ஆட்டக்காரருக்கான ஹார்ட் கோப்பை லெமியூவுக்கும் மெக்டேவிட்டுக்கும் தலா 3, கிராஸ்பிக்கு 2.

ஆடாத ஆட்டங்கள்

லெமியூவின் வரலாற்றில் என்னைப்போன்ற கணக்குப் பார்ப்பவர்களை இடறச்செய்யும் எண் 1,723 அல்ல, 6. எழுபது ஆட்டமோ அதற்கு மேலோ அவர் ஆடிய சீசன்கள் ஆறுதான்: 1984-85, 85-86, 87-88, 88-89, 95-96, 96-97. 1989-90இல் தொடர்ந்து 46 ஆட்டத்தில் புள்ளி எடுத்தவரை முதுகுவலி நிறுத்தியது. 1990 கோடையில் முதுகுத்தட்டு அறுவை, பின்னர் எலும்பில் தொற்று. 1990-91 சீசனில் 26 ஆட்டம். குனிந்து ஸ்கேட்டின் கயிற்றைக் கட்ட முடியாமல் உதவியாளர் கட்டிவிட்ட நாட்கள் உண்டு. 2024-25 வரை கிராஸ்பிக்கு அப்படிப்பட்ட முழு சீசன்கள் 13.

உச்ச விகிதத்துக்குப் பயன்படுத்திய அதே சூத்திரத்தை ஒவ்வொரு சீசனுக்கும் போட்டு மொத்தமாகக் கூட்டினால் வருவது சுவையான முடிவு. லெமியூவின் 1,723 புள்ளி சுமார் 1,515 ஆகச் சுருங்குகிறது. அவருடைய பெரிய ஆண்டுகள் பலவும் கோல் மலிந்த காலத்தில் விழுந்ததால். கிராஸ்பியின் 1,687 புள்ளி சுமார் 1,740 ஆக விரிகிறது. ஆட்டத்துக்கு என்று பார்த்தால் லெமியூ 1.66, கிராஸ்பி 1.29. மொத்தம் என்று பார்த்தால் கிராஸ்பி 220 புள்ளிக்கு மேல் முன்னால். ஒரே அளவுகோல் இரண்டு வெவ்வேறு ஆட்களைக் காட்டுகிறது. இந்த ஒப்பீட்டின் முடிச்சே இதுதான். கிராஸ்பி ஆடிய இருபது சீசனிலும் ஆட்டத்துக்கு ஒரு புள்ளி அல்லது அதற்கு மேல் எடுத்தவர். கிரெட்ஸ்கியால்கூடப் பத்தொன்பதுதான் முடிந்தது.

ஆடாத ஆட்டத்துக்கு மதிப்பெண் தரலாமா? தரக் கூடாது என்பதே எங்கள் நிலை. ஆனால் ஆடியவற்றுக்குத் தரும் மதிப்பெண்ணில் ஒரு நுட்பம் உண்டு. அணியில் ஒரு சென்டர் ஆடாவிட்டால் அந்த இடம் வெற்றிடமாகி விடுவதில்லை. நடுத்தர ஆட்டக்காரர் ஒருவர் வந்து நிற்கிறார். அப்படி வருபவர் ஆட்டத்துக்கு அரைப் புள்ளி எடுப்பார் என்று வைத்துக்கொண்டு, அதற்கு மேல் எடுத்ததை மட்டும் கூட்டினால் லெமியூவுக்கு 915 ஆட்டத்தில் சுமார் 1,060, கிராஸ்பிக்கு 1,352 ஆட்டத்தில் சுமார் 1,065. கிட்டத்தட்டச் சமம்! அரைப் புள்ளிக்குப் பதில் 0.6 என்று வைத்தால் லெமியூ முன்னால் போவார், 0.4 என்றால் கிராஸ்பி. ஆகப் புள்ளிக் கணக்கு மட்டும் இந்த வழக்கைத் தீர்த்துவைக்காது.

சென்டரின் மற்ற வேலைகள்

சென்டர் என்பவர் முன்வரிசை மூவரில் நடுவில் நிற்பவர் மட்டுமல்ல. ஒவ்வொரு தொடக்கத்திலும் நடுவர் பக்கைப் போடும்போது எதிரணி சென்டரோடு மோதி அதைப் பின்னுக்கு இழுப்பது அவர் வேலை, இதுதான் ஃபேஸ்ஆஃப். தன் பாதியில் தடுக்கும்போது விங்கர்கள் எதிரணி டிஃபன்ஸ்மன்களை நோக்கி மேலே நிற்பார்கள். சென்டர் கீழே இறங்கி, கோலுக்கு முன்னாலும் மூலைகளிலும் மூன்றாவது டிஃபன்ஸ்மன் போல உழைக்க வேண்டும். அவர் அரை நொடி தாமதமாக இறங்கினால் கோலுக்கு நேர் முன்னால் ஒரு ஆள் தனியாக நிற்பான். புள்ளிப் பட்டியலில் இது எங்கும் பதிவாகாது.

இங்கே கிராஸ்பி மற்ற இருவரையும் விட ஒரு படி மேல். தொடக்கத்தில் ஃபேஸ்ஆஃபில் சுமாராக இருந்தவர் அதைத் தனியாக எடுத்துப் பழகி வலுவாக்கிக்கொண்டார். அவருடைய மட்டையின் அலகு ஏறத்தாழத் தட்டையானது. பெரும்பாலோர் வளைந்த அலகால் முன்பக்க ஷாட்டுக்கு வேகம் கூட்டிக்கொண்டு பின்பக்க ஷாட்டை இழந்துவிடுகிறார்கள்; கிராஸ்பிக்குப் பின்பக்கமும் ஆயுதம். ஆகவே அவரை ஒரு பக்கமாகத் தள்ளி நெருக்கும் உத்தி எடுபடாது. பக்கவாட்டுப் பலகையோரம் இடுப்பைத் தாழ்த்திப் பக்கை உடம்பால் மறைத்து எதிராளி முதுகில் ஏறியிருக்கும்போதே சுழன்று வெளியேறுவது அவருடைய முத்திரை. எதிரணியின் பாதியில் நாற்பது விநாடி பக்கை இப்படிச் சுழற்றிக்கொண்டே இருந்தால், அந்த நாற்பது விநாடியும் நம் கோலிக்கு வேலையில்லை. 2016இல் பிட்ஸ்பர்க் கோப்பை வென்றபோது 24 ஆட்டத்தில் 19 புள்ளி மட்டுமே எடுத்த அவருக்குக் கோப்பைத் தொடரின் சிறந்த ஆட்டக்காரருக்கான கான் ஸ்மைத் கொடுத்தது இதற்குத்தான். ஃபில் கெசல் 22 புள்ளி எடுத்திருந்ததால் அன்று சச்சரவு எழுந்தது. தேர்வு சரிதான்.

லெமியூ தடுப்பாட்டத்தில் அக்கறை காட்டியவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் 193 சென்டிமீட்டர் உயரமும் அதற்கேற்ற கைநீளமும் கொண்டவர் வழியில் நின்றாலே பாஸ் பாதை அடைபடும். 1988-89இல் தன் அணி ஓர் ஆள் குறைவாக இருக்கும்போதே 13 கோல் அடித்தார். அது இன்றும் சீசன் சாதனை. அதே ஆண்டு டிசம்பர் 31 அன்று நியூ ஜெர்சிக்கு எதிராகச் சம ஆட்டம், பவர்பிளே, ஆள் குறைவு, பெனால்டி ஷாட், காலிக் கோல் என ஐந்து வழியிலும் ஒவ்வொரு கோல் போட்டது எல்லோருக்கும் தெரிந்த கதை.

பக்கத்தில் நின்றவர்களை உயர்த்துவதில் லெமியூவுக்கு நிகர் கிரெட்ஸ்கி மட்டுமே. 1984-85இல் வாரன் யங் என்ற விங்கர் அறிமுக லெமியூவின் பக்கத்தில் நின்று 40 கோல் அடித்தார், அதை நம்பி டெட்ராய்ட் அவரை எடுத்துக்கொண்டது, அங்கே 22. ராப் பிரவுன் 1988-89இல் 68 ஆட்டத்தில் 49 கோல், 115 புள்ளி. பிட்ஸ்பர்கை விட்டுப் போனபின் அதன் பாதியைக்கூட எட்டியதில்லை. அதே வேளை கிராஸ்பி தன் வாழ்நாளில் பெரும்பகுதி கிறிஸ் குனிட்ஸ், பஸ்கால் டூப்வி போன்ற உழைப்பாளி விங்கர்களோடுதான் ஆடினார் என்பதையும் மறக்கக் கூடாது. எவ்ஜெனி மால்கின் அணியில் இருந்தாலும் வேறு வரிசையின் சென்டர்.

பிளேஆஃப்

வழக்கமான சீசனுக்குப் பின் கோப்பைக்காக நடக்கும் தொடர்களே பிளேஆஃப். அதில் லெமியூ 107 ஆட்டத்தில் 172 புள்ளி. மெக்டேவிட் 96இல் 150. கிராஸ்பி 180இல் 201. கோப்பை முறையே 2, 0, 3. கான் ஸ்மைத் 2, 1, 2.

லெமியூவின் 1991: வழக்கமான சீசனில் 26 ஆட்டம் மட்டும் ஆடிவிட்டு, பிளேஆஃபில் 23 ஆட்டத்தில் 44 புள்ளி. இதைவிட அதிகம் ஒருவரே எடுத்திருக்கிறார், 1985இல் கிரெட்ஸ்கி, 47. 1992இல் நியூயார்க் ரேஞ்சர்ஸின் ஆடம் கிரேவ்ஸ் மட்டையால் அடித்ததில் கை எலும்பு உடைந்து சில ஆட்டம் வெளியே உட்கார்ந்தார். திரும்பி வந்து 15 ஆட்டத்தில் 34 புள்ளியோடு முடித்தார். இந்த இரண்டு வசந்தங்கள் போல கிராஸ்பியிடம் ஒன்று இல்லை; 2009இல் 31 புள்ளி எடுத்தபோதும் கான் ஸ்மைத் 36 எடுத்த மால்கினுக்குப் போனது. மெக்டேவிட்டிடம் ஒன்று இருக்கிறது: 2024இல் 42 புள்ளி, அதில் 34 அசிஸ்ட் புதிய சாதனை, தோற்ற அணியில் இருந்தும் கான் ஸ்மைத். 2024, 2025 இரண்டு இறுதியிலும் ஃப்ளோரிடாவிடம் எட்மன்டன் தோற்றது.

லெமியூவின் கோப்பைகளுக்குத் துணை இருந்ததை மறைக்க வேண்டியதில்லை. 1991 மார்ச்சில் ஹார்ட்ஃபர்டிலிருந்து ரான் ஃபிரான்சிஸ், உல்ஃப் சாமுவல்சன் வந்தார்கள். யாகர், லாரி மர்ஃபி, கோலி டாம் பராசோ ஏற்கெனவே இருந்தார்கள். ஆனால் அதற்கு முன், தன் முதல் நான்கு சீசனிலும் பிளேஆஃபே பார்க்காத அணியில் அவர் தனியாகத்தான் இருந்தார்.

கனடாவுக்காக என்று பார்த்தால் 2010 வான்கூவர் ஒலிம்பிக் இறுதியில் கூடுதல் நேரத்தில் கிராஸ்பி அடித்த கோலும், 1987 கனடா கோப்பையில் ஹாமில்டனில் 1 நிமிடம் 26 விநாடி மிச்சமிருக்கும்போது கிரெட்ஸ்கி கொடுத்து லெமியூ அடித்த கோலும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. இந்தத் தலைப்பில் யாருக்கும் சாய்வு இல்லை.

ஆட்டத்துக்கு வெளியே

லெமியூ மீது வைக்கப்படும் இன்னொரு எடை, அவர் அணியையே காப்பாற்றியது. பென்குவின்ஸ் 1998 நவம்பரில் திவாலானபோது, ஒத்திவைக்கப்பட்ட சம்பளமாக அவருக்குச் சேரவேண்டியது சுமார் 3.25 கோடி டாலர். கடன்காரர்களிலேயே பெரிய தொகை அவருடையது. அதில் பெரும்பகுதியைப் பங்காக மாற்றிக்கொண்டு 1999இல் அணியின் உரிமையாளர் ஆனார். 2000 டிசம்பர் 27 அன்று முப்பத்தைந்து வயதில் உரிமையாளராகவே மீண்டும் களமிறங்கி 33ஆவது விநாடியில் அசிஸ்ட் எடுத்தார். அந்த சீசனில் 43 ஆட்டத்தில் 76 புள்ளி. பிட்ஸ்பர்கில் ஹாக்கி நிலைத்ததற்கு அவரும், 2005 புதுமுகத் தேர்வில் கிராஸ்பி கிடைத்ததும் காரணங்கள். பதினெட்டு வயது கிராஸ்பி குடியிருந்ததும் லெமியூவின் வீட்டில்தான். ஆனால் உரிமையாளர் லெமியூவின் வரவை ஆட்டக்காரர் லெமியூவின் ஏட்டில் எழுதக் கூடாது. அதை எழுதினால், கிரெட்ஸ்கி 1988 ஆகஸ்ட் 9 அன்று லாஸ் ஏஞ்சல்ஸுக்கு விற்கப்பட்டதால் கலிஃபோர்னியாவில் புது அணிகள் முளைத்ததையும் அவருடைய ஏட்டில் எழுதவேண்டி வரும். எல்லை எங்கே என்று தெரியாமல் போகும்.

தேர்வு

ஒரு அணியைப் பதினைந்து ஆண்டுக்குக் கட்டவேண்டும், முதல் தேர்வு நம்முடையது என்றால் கிராஸ்பி. ஒவ்வொரு இரவும் வருவார், ஒரு கோல் முன்னிலையில் கடைசி நிமிடத்தில் களத்தில் நிறுத்தலாம், முப்பத்தேழு வயதிலும் 91 புள்ளி எடுப்பார். ஏழு ஆட்டத் தொடர் ஒன்றை வெல்லவேண்டும், எல்லோரும் நலமாக இருக்கிறார்கள் என்றால் லெமியூ, யோசிக்கவே வேண்டாம்.

வரலாற்றுப் பட்டியலில் இரண்டாம் இடத்தை லெமியூவுக்குத் தருகிறோம். மொத்தப் புள்ளிக் கணக்கு சமமாக நிற்கும்போது, கிராஸ்பியின் தடுப்பாட்டம் ஒரு பக்கத்தையும், கிரெட்ஸ்கியையே விகிதத்தில் தாண்டிய ஒரு சீசனும் 1991, 1992 பிளேஆஃபும் மறுபக்கத்தையும் இழுக்கின்றன. இரண்டாவது இழுப்பு வலுவாக இருக்கிறது. நூலிழை வித்தியாசம். ஃபேஸ்ஆஃபுக்கும் பின்வாங்கித் தடுப்பதற்கும் கூடுதல் எடை தருபவர் கிராஸ்பியை இரண்டாவதாக வைத்தால் அவரோடு சண்டைபோட எங்களிடம் சரக்கு இல்லை. லெமியூவின் 1.88ஐ மட்டும் காட்டி முடிவெடுப்பவரோடும், கிராஸ்பியின் மூன்று கோப்பையை மட்டும் காட்டுபவரோடும் சண்டைபோடலாம்.

மெக்டேவிட் இப்போதைக்கு நான்காவது. 712 ஆட்டத்தில் 1,082 புள்ளி, ஆட்டத்துக்கு 1.52, லெமியூ முதல்முறை ஓய்வுபெறும்போது ஆடியிருந்த 745 ஆட்டத்தை நெருங்கிவிட்டார், அப்போது லெமியூவின் கணக்கு 1,494. காலத்தைச் சரிசெய்தாலும் அந்த இடைவெளி முழுதாக மூடாது. கிராஸ்பியைத் தாண்ட அவருக்குத் தேவை இதே வேகத்தில் இன்னும் நான்கைந்து முழு சீசனும் ஒரு கோப்பையும். லெமியூவைத் தாண்ட, பிளஸ்-மைனஸில் +55 போன்ற ஒரு சீசன் வேண்டும். அது இன்னும் வரவில்லை.